ராமநாதபுரத்திலிருந்து லடாக்: சொந்த பைக்கை ஓட்டிப் போவதா, ரயிலில் ஏற்றுவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

கோடை நெருங்கினால் நம் பக்கத்துப் பையன்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, லடாக் போகணும். நம்ம வண்டியிலயே போயிரலாமா?" கீழக்கரையில் அதே கேள்வி, "காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), முப்பது நாள் லீவுல வந்திருக்கேன்" என்று ஆரம்பிக்கும். மண்டபத்தில் விசைப்படகில் தொழில் பார்க்கும் தம்பி என்றால் மீன்பிடித் தடைக்காலக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது.

இருந்தாலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர், மூன்று வாரம் மட்டுமே கையில் வைத்திருப்பவர், தம் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. நாம் அவ்வளவு தூரம் போவது மண்பாதைக்காக. நாக்பூர் பைபாஸுக்காக இல்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

மலையில் எத்தனை நாள். மொத்த விடுமுறையில் போக வரக் கழிந்தது போக, உண்மையிலேயே மலைப்பாதையில் இருக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். மணாலி–லே சாலையில் பெரும்பகுதி இப்போது தார்தான். மண்ணும் கல்லும் நீரோடையும் வேண்டுமென்றால் ஸ்பிட்டிக்குப் போகும் கிராம்ஃபூ–பாத்தல்–குன்சும் பாதை, பாத்தலிலிருந்து சந்திரதால் ஏரிக்குப் பிரியும் ஒற்றைத்தடம், ஜான்ஸ்கர் பக்கத்து ஷிங்கு லா (லா என்றால் கணவாய்) போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். அவற்றுக்கு நாள் வேண்டும். மண்சரிவில் ஒரு நாள், பனியில் ஒரு நாள் போகும் என்று கூடுதலாகவும் கையில் வைத்திருக்கவேண்டும். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு–மணாலி சாலை பல இடங்களில் பியாஸ் ஆற்றோடு போனது.

உடம்பு. நாம் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியிலிருந்து போனால் பாராலாச்சா லா 4,890 மீட்டர், தங்லாங் லா 5,328 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது; ஐயாயிரம் மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பலர் நினைப்பதுபோல, இங்கிருந்தே ஓட்டிப் போனால் உடம்பு பழகிவிடாது. மதுரையிலிருந்து அம்பாலா வரை முழுக்கத் தாழ்வான நிலம்தான்; நடுவில் பெங்களூரு மட்டும் கொஞ்சம் மேடு. உண்மையான ஏற்றம் மணாலியில் (சுமார் 2,050 மீட்டர்) தொடங்குகிறது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய களைப்போடு அங்கே போய் நிற்பவருக்கு உயரம் இன்னும் சிரமமாக இருக்கும்.

வண்டி. அது யாருடையது, எவ்வளவு பழக்கம், நடுவழியில் நின்றால் யார் பொறுப்பு என்பது.

சட்டமும் ஊர்க்கட்டுப்பாடும். எந்த வண்டி எங்கே வரை போகலாம் என்பது. இதை விசாரிக்காமல் போய், பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய.

பணம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மூன்று வழிகளுக்கும் இடையே நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் வராது.

## வழி ஒன்று: வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிப் போவது

ராமநாதபுரத்திலிருந்து மதுரை போய் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் சேலம், பெங்களூரு, கர்நூல், ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி என்று ஒரே கோடு. சண்டிகருக்கு ஏறத்தாழ 3,000 கி.மீ. ஒரு நாளைக்கு 450 கி.மீ. என்று நிதானமாக ஓட்டினால் ஏழு நாள். திரும்பவும் ஏழு நாள். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

பெட்ரோல் கணக்கு எல்லோரும் போடுவதுதான். லிட்டருக்கு 30 கி.மீ., லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் சண்டிகர் போய்வர மட்டும் 20,000 ரூபாய். போடாத கணக்குகள் வேறே இருக்கின்றன. சமவெளியில் மட்டும் பன்னிரண்டு இரவு அறை வாடகை. வழியில் ஓர் ஆயில் மாற்று. எல்லாவற்றையும் விட டயர்: தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆன்-ஆஃப் ரோடு டயரை மூவாயிரம் கி.மீ. சூடான சிமெண்ட் சாலையில் தேய்த்தால் நடுப்பகுதி தட்டையாகி, பிடிப்பு வேண்டிய மண்ணில் பிடிப்பில்லாமல் போகும். மே மாதத்தில் தெலங்கானாவையும் விதர்பாவையும் கடக்கும்போது வெயில் 45 டிகிரியைத் தொடும். பாதுகாப்பு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் போவது ஆபத்து. விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்கெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும்.

நம் கடற்கரை வண்டிகளுக்கு மட்டும் உள்ள ஒரு பிரச்சினையை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். உப்புக்காற்று. வாலிநோக்கம், ஏர்வாடி, மண்டபம், பாம்பன் என்று கடலோரத்தில் நிற்கும் வண்டியின் பின்சக்கர ஆக்ஸில் நட்டைப் பாருங்கள். மேலே லேசான துருதான் தெரியும். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் அசையாது. அச்சுக்கும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் துரு கெட்டியாக இறுகியிருக்கும். அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஒயர் கனெக்டரைப் பிரித்தால் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு. கம்பி வீலாக இருந்தால் நிப்பிள் (கம்பியை ரிம்மில் பூட்டும் சின்ன நட்டு) கம்பியோடு ஒட்டிப்போய், நிப்பிளை முறுக்கினால் கம்பி ஒடிந்துவிடும். ஊரில் இதெல்லாம் தெரியாது. பஞ்சர் கடையில் சுத்தியலும் நீளக் கம்பியும் இருக்கும். சர்ச்சுவில், 4,290 மீட்டரில், கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும் குளிரில், உங்களிடம் உள்ள சின்ன ஸ்பேனர் செட்டால் அந்த நட்டை அசைக்க முடியாது.

ஆகவே சொந்த வண்டியைக் கொண்டுபோகிறவர், ஓட்டியோ ரயிலிலோ, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு ஆக்ஸிலையும் வெளியே எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டவேண்டும். பிரேக் காலிப்பர் பின்கள், ஸ்டியரிங் கோன் பேரிங், எல்லாக் கனெக்டர்களுக்கும் இதே கவனிப்பு. இந்த வேலையை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மலையில் கழற்றப்போவது நீங்கள்தான்.

நம் ஊர் தரும் ஒரு லாபமும் உண்டு. சீமைக் கருவேல முள்ளில் பஞ்சராகிப் பஞ்சராகி, டியூப் மாற்றத் தெரியாத பையன் இங்கே குறைவு. மணலும் அப்படித்தான். உச்சிப்புளி, சாயல்குடி பக்கம் பனங்காட்டு வண்டிப்பாதைகளில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முன்பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பழகியவருக்கு மணாலி–லே சாலையில் மோர் சமவெளியின் ஓரத்துப் புழுதியும் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணலும் புதிதாக இருக்காது. கடற்கரையில் மட்டும் பழகாதீர்கள். மன்னார் வளைகுடாக் கரையில் ஆமை முட்டையிடும் இடங்கள் இருக்கின்றன.

யாருக்கு ஏற்றது: முப்பத்தைந்து, நாற்பது நாள் விடுப்பு இருப்பவருக்கு. நாடு முழுவதையும் சாலைவழியாகப் பார்ப்பதே ஆசையாக இருப்பவருக்கு. இருவர் சேர்ந்து போகிறவர்களுக்கு. வளைகுடாவிலிருந்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து, அதில் முப்பது நாளை வீட்டுக்கே கொடுத்தாக வேண்டியவருக்கு இது ஒத்துவராது.

## வழி இரண்டு: வண்டியை ரயிலில் ஏற்றி சண்டிகரில் இறக்குவது

மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. டெல்லி நிஜாமுதீனுக்கு சம்பர்க் கிராந்தியும், மதுரை வழியாகப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் உண்டு. இவை தினசரி ரயில்கள் இல்லை. கிழமை பார்த்துத் திட்டமிடவேண்டும்.

ரயிலில் வண்டியை அனுப்ப இரண்டு முறை உண்டு. நீங்கள் போகும் ரயிலிலேயே உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுவது ஒன்று. நீங்கள் இல்லாமல் பார்சலாக அனுப்புவது மற்றொன்று. லக்கேஜ் கட்டணம் கூடுதல், ஆனால் வண்டி உங்களோடு வர வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். பார்சல் பெட்டியில் இடமில்லையென்றால் அடுத்த ரயில்தான். நீங்கள் சண்டிகரில் இறங்கி, வண்டி மதுரையிலேயே நின்றால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் செலவு. வண்டி வந்து சேர்ந்தபின் நீங்கள் எடுக்கத் தாமதித்தால் அதற்கும் கட்டணம் உண்டு.

ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்கள் வேண்டும். டேங்க்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. வாசனை வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிகளையும் வைசரையும் நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் சாக்கும் அட்டையும் வைத்துக் கட்டித் தருபவர்கள் இருப்பார்கள். ஹேண்டில், லீவர்கள், டேங்க், சைலன்சர் இந்த நான்குக்கும் இரட்டைச் சுற்று போடச் சொல்லுங்கள். போகும் ஊர்ப்பெயரையும் ரசீது எண்ணையும் தகட்டிலோ அட்டையிலோ எழுதி இரண்டு இடத்தில் கட்டவேண்டும். வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். சேதமானால் அந்த மதிப்பை வைத்துத்தான் கேட்க முடியும்.

பேக்கிங்கையும் சேர்த்தே ஒரு வழிச் செலவு, அதே தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவை விடக் குறைவாகத்தான் வரும். டயர் தேயாது, உடம்பும் தேயாது. போக நான்கு நாள், வர நான்கு நாள் என்று வைத்தால் மூன்று வாரத்தில் பதின்மூன்று நாள் மலைக்குக் கிடைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: போகும்போது ரயில், வரும்போது சாலை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மலையில் எத்தனை நாள் வீணாகும் என்று முன்கூட்டித் தெரியாது. நாள் மிச்சமானால் நாடு முழுக்க ஓட்டிக்கொண்டே ஊர் திரும்பலாம். மிச்சமாகாவிட்டால் சண்டிகரிலேயே பார்சல் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்கலாம். முதலில் ஓட்டிப் போய்விட்டால் அந்தச் சுதந்திரம் கிடையாது.

யாருக்கு ஏற்றது: தன் வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லக்கூடியவருக்கு. உயரம் மிகக் குறைந்தவர், அல்லது மிக அதிகமானவர், சீட்டையும் ஹேண்டிலையும் தனக்கேற்ப மாற்றி வைத்திருந்தால், அவருக்கும். பழைய கார்புரேட்டர் புல்லட் வைத்திருப்பவர் ஒன்றை யோசிக்கவேண்டும்: உயரத்தில் காற்று குறைய, பெட்ரோல் அதே அளவில் இறங்கி, புகை கக்கி, இழுவை செத்துவிடும். எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டிகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்ற கணக்கில் எந்த வண்டியின் சக்தியும் குறையும்.

## வழி மூன்று: அங்கேயே வாடகைக்கு எடுப்பது

மதுரையிலிருந்து விமானம் மாறி டெல்லி வழியாக லே. அல்லது சண்டிகர் வரை போய், பஸ்ஸில் மணாலி. வாடகை வண்டியில் எந்த ஊரில் எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

மணாலி, ஸ்ரீநகர், டெல்லி, சண்டிகரில் எடுத்த வாடகை வண்டியை லே வரை ஓட்டிப் போகலாம். ஆனால் அங்கிருந்து நுப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தார் விடமாட்டார்கள். வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். லேயில் பதிவான வாடகை வண்டிதான் அங்கே போகலாம். சொந்த வண்டிக்கு இந்தத் தடை இல்லை, ஆர்.சி.யில் உங்கள் பெயரோ உங்கள் குடும்பத்தார் பெயரோ இருப்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும். நண்பனின் வண்டியைக் கடன் வாங்கிப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சுருக்கமாக, ஸ்பிட்டி போகிறவர் மணாலியில் எடுக்கட்டும், நுப்ரா–பாங்காங்–ஹான்லே போகிறவர் லேயில் எடுக்கட்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிக்கு நாள் வாடகை பொதுவாக 1,500 முதல் 2,500 ரூபாய். பதினான்கு நாளைக்கு ஏறத்தாழ 28,000 என்று வையுங்கள். "இதுக்கு நம்ம வண்டியிலயே போயிரலாமே" என்று தோன்றும். மேலே சொன்ன பெட்ரோல், அறை, டயர், செயின் எல்லாம் சேர்த்தால் அங்கேயும் அவ்வளவுதான் வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. முன்பணம் கட்டவேண்டும். வண்டி விழுந்தால் லீவர், கிராஷ் கார்டு, இண்டிகேட்டர் ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். எடுக்கும் முன்பே அதைக் கேட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் நின்றால் வண்டியை ஏற்றிக் கொண்டுவரும் லாரிச் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் விழும். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கவேண்டும். வெள்ளை பிளேட் வண்டியைக் குறைந்த வாடகைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிடும்.

வண்டியை எடுக்கும்போது ஒரு மணி நேரம் செலவிடுங்கள். நடுநிலையில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ரிம் நெளிந்திருந்தால் தெரியும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், "டக்" என்று கையில் தட்டினால் கோன் பேரிங் போயிருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். கையோடு ஒரு கிளட்ச் கேபிள், இரண்டு டியூப், ஏர் பம்ப், டூல் கிட் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

விமானத்தில் லே இறங்குகிறவருக்கு ஒரு நிபந்தனை: இரண்டு முழு நாள் வண்டியைத் தொடக் கூடாது. விமானம் நேராக 3,200 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அன்று சாயங்காலமே கர்துங் லா (5,359 மீட்டர்) ஏறினால் தலைவலி, வாந்தி, அதற்கு மேல் மூச்சுத்திணறல் வரை போகும். மணாலி வழியாகப் போகிறவர் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கி மேலே போகட்டும். இரண்டாம் இரவே சர்ச்சு கூடாரத்தில் படுப்பதுதான் அந்தச் சாலையில் பலருக்கு உடம்பு கெடக் காரணம். மாத்திரை போடுவதானால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

யாருக்கு ஏற்றது: முதல் தடவை போகிறவருக்கு, பதினைந்து முதல் இருபது நாள் மட்டும் இருப்பவருக்கு, ஊரில் ஸ்கூட்டரோ 100 சிசி வண்டியோ வைத்திருந்து இந்த ஒரு பயணத்துக்காகப் புது வண்டி வாங்க யோசிப்பவருக்கு. இவர்களில் கடைசியாகச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை: ஹிமாலயன் இருநூறு கிலோவுக்கு ஒட்டி வரும், ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ. கீழே விழுந்த வண்டியை நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில் தனியாகத் தூக்கும்போது அந்த நாற்பது கிலோ பெரிய வித்தியாசம். வாடகைக்கு எடுத்தால் இதையெல்லாம் அனுபவித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.

## 21 நாள் விடுப்பில் மூன்றும்

| | ஓட்டிப் போவது | ரயிலில் ஏற்றுவது | அங்கே வாடகை |
|---|---|---|---|
| போக வர நாட்கள் | 14 | 8 | 4–5 |
| மலைக்கு மிஞ்சுவது | 7 | 13 | 16–17 (லே விமானம் என்றால் முதல் 2 நாள் ஓய்வு) |
| பெரிய செலவு | பெட்ரோல், அறை, டயர் | பார்சல், பேக்கிங், டிக்கெட் | வாடகை, விமானம் |
| தெரியாமல் வரும் செலவு | உப்பு அரித்த பாகங்கள், திரும்பும் வழிக் களைப்பு | வண்டி தாமதமானால் காத்திருப்பு | சேதக் கட்டணம், லாரிச் செலவு |
| நுப்ரா, பாங்காங் | போகலாம் | போகலாம் | லே வண்டி மட்டும் |
| கோளாறு வந்தால் | நீங்கள்தான் | நீங்கள்தான் | ஊரைப் பொறுத்து மாற்று வண்டி கிடைக்கலாம் |

## எந்த வழியில் போனாலும்

ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. வெளிமாநில சிம் என்றால் போஸ்ட்பெய்டாக இருக்கவேண்டும். கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள், அங்கே போய்த் தேடினால் வீட்டில் பதறுவார்கள்.

மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று பலகை வைத்திருப்பார்கள். பதினைந்து லிட்டர் டேங்க்குக்குக் கணக்குப்படி போதும். ஆனால் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறும்போது மைலேஜ் இறங்கும். ஐந்து லிட்டர் கேனில் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீரோடைகளை, அங்கே நாலா என்பார்கள், காலையிலேயே கடந்துவிடுங்கள். இரவுக் குளிரில் பனி உருகுவது நின்று தண்ணீர் குறைந்திருக்கும். மதியத்துக்குமேல் வெயிலில் உருகியது எல்லாம் இறங்கி, காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை முழங்காலுக்கு மேல் ஓடும். அடியில் உருண்டைக் கற்கள், தண்ணீரோ கலங்கல். முதலில் நடந்து பாருங்கள், அல்லது முன்னால் போகும் வண்டி எந்தத் தடத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், கண் அக்கரையில். நடுவில் நிறுத்தக் கூடாது.

## தடைக்காலத்தில் போகிறவர்களுக்கு

விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஓய்வு. நாளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மணாலி–லே சாலையில் பனியை அகற்றி முழுதாகத் திறக்கச் சில வருடங்களில் மே மாதம்கூட ஆகிவிடும்; குன்சும் கணவாயும் ஜூன் வரை இழுக்கலாம். ஆகவே இவர்கள் சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ வழியாக காஸா போவது நல்லது. சட்லெஜ் கரையோடு ஏறும் இந்தப் பாதை ஆண்டில் பெரும்பகுதியும் திறந்திருக்கும். உயரமும் படிப்படியாகக் கூடுவதால் உடம்பு பழக நேரம் கிடைக்கும். மண்ணும் கல்லும் வேண்டிய அளவு உண்டு. நாக்கோவுக்கு அருகே மல்லிங் நாலா பகுதியில் மலையே சரிந்துகொண்டிருக்கும், அங்கே நிற்காமல் கடக்கவேண்டும். காஸாவில் 3,740 மீட்டரில் பெட்ரோல் பங்க்கும் இருக்கிறது. இவர்களுக்கு ரயிலில் ஏற்றுவதே சரி: வண்டியைச் சண்டிகரில் இறக்கி சிம்லா வழியே ஏறி, போன வழியிலேயே திரும்பலாம். திரும்பும் பார்சலை ஜூன் முதல் வாரத்திலேயே சண்டிகரில் போட்டுவிட்டால், அது ஒரு ரயில் தவறி வந்தாலும் படகு கடலுக்குப் போகும் முன் மதுரையில் வண்டியை எடுத்துவிடலாம்.